புற்றுக்காளான்

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்துக் காடுகளில், இடியோடு கூடிய புதுமழை ஓய்ந்த சில தினங்களில், கறையான் புற்றைச் சூழ்ந்த ஈரமண்ணில் விரல்நகத்தளவே விரியும் வெண்காளான்கள் கூட்டங்கூட்டமாய்த் தோன்றி விரைவிலேயே சுவடின்றி மறைவதைக் கண்ட நம் முன்னோர், அவற்றை இடியின் பிரசாதமாகக் கருதியதில் வியப்பில்லை. ஆயினும் அவற்றின் உற்பத்தி ரகசியம் வானத்தில் அன்று, புற்றினுள்ளே இருக்கிறது.

இப்புற்றுகளில் வாழும் கறையான்கள், தாம் அரித்த மரத்தையும் சருகையும் தாமே முற்றிலும் ஜீரணிக்க வல்லமையற்றவை. ஆதலால் மென்று கழித்த சக்கையைத் தேனடைபோல் கட்டி, அதன்மீது, இக்காளானாய்ப் பூக்கும் பூஞ்சணத்தைப் பயிரிட்டு, அது பக்குவப்படுத்தித் தருவதையே உண்கின்றன. பூஞ்சணமோ இயற்கையில் அப்புற்றை விட்டு வேறெங்கும் வாழ அறியாது. இந்தப் பரஸ்பர ஆதரவு ஏறத்தாழ மூன்று கோடி ஆண்டுப் பழமையுடையது என்பது விஞ்ஞானிகளின் கணிப்பு. தரங்கம்பாடிக்கு வைத்தியராக வந்தவரும் தாவரவியலார் லின்னேயஸின் சீடருமான கோனிக், கறையான்களின் இப்பூஞ்சணத் தோட்டத்தைப் பற்றி 1779-இல் எழுதினார். அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, கறையான் அரித்த பூழியில் காளான் பூத்த வறியவன் அடுக்களையைச் சிறுபாணாற்றுப்படையில் காட்டிய நத்தத்தனாரின் கண்ணை நினைக்குந்தோறும் என் நெஞ்சு நெகிழ்கிறது.

புற்று அழிந்தால் இக்காளானும் இல்லை. கறையான் என்றாலே சத்துரு என்றெண்ணி, காட்டோரத் தோப்புகளிலும் மனைகளிலும் நஞ்சை ஊற்றுகிறோம்; இயந்திரங்கொண்டு புற்றுகளைத் தரைமட்டமாக்குகிறோம்; சருகைக் கூட்டிக் கொளுத்தி கறையான்களின் ஆகாரத்தையும் அபகரிக்கிறோம். இவை கண்ணுக்குத் தெரியும் கேடுகள்.

கண்ணுக்குத் தெரியாத கேடு ஒன்றுண்டு. மலையடிவாரச் சந்தையொன்றில், தேக்கிலையில் குவித்து விற்ற காளான்களுள் விரிந்தது ஒன்றுகூட இல்லாதிருக்கக் கண்டு என் மனம் துணுக்குற்றது. மொக்கில்தான் ருசி என்பது மெய்யே. ஆனால் புதுக்குடி அமைக்கச் செல்லும் கறையான் ஜோடி, பெரும்பாலான இனங்களில், பூஞ்சண வித்தைத் தன்னுடன் கொண்டுசெல்வதில்லை. அதன் முதற் சந்ததியான உழைப்பாளிகள் வெளிப்போந்து, விரிந்த காளான் சிந்திய நுண்வித்துகளைச் சருகோடு சேர்த்துக் கொணர்ந்த பின்னரே அங்கே தோட்டம் தொடங்குகிறது. மொக்கிலேயே யாவற்றையும் பறித்துவிட்டால், பிறக்கப்போகும் புற்றுகளுக்கு வித்து எங்கிருந்து வரும்? சிப்பிக்காளானைப்போல் வைக்கோலில் விதைத்து மீட்டுக்கொள்ளக் கூடிய பயிரும் அன்று இது.

ஆகவே, காளான் பறிக்கச் செல்லும் அன்பர்களை நான் வேண்டிக்கொள்வது இதுவே: ஒவ்வொரு புற்றிலும் கால்பங்கையேனும் விரியவிட்டு வாருங்கள், வீட்டுக்கு ஒரு தீங்கும் செய்யாத காட்டுப் புற்றில் மருந்து ஊற்றாதீர்கள்.