முதல் நாள் ஊசி

மஞ்சட் காமாலை என்ற சொல் காதில் விழுந்த மாத்திரத்தில் நம்மவர் தேடுவது கீழாநெல்லியைத்தான். பாலக்காட்டில் நாம் வாழும் இரயில்வே குடியிருப்பின் கொல்லையிலும் அது கேட்பாரின்றி முளைத்துக் கிடக்கிறது. அதனைப் பழிப்பது நமது நோக்கமன்று. 1988-இல் சென்னை ஆராய்ச்சியாளர் சிலர், ஹெபடைடிஸ் பி என்னும் கல்லீரல் கிருமியைத் தாங்கியிருந்தோர்க்கு அச்செடியைக் கொடுத்துப் பயன் கண்டதாக எழுதினர். அக்கிருமியைக் கண்டறிந்து 1976-இல் நோபெல் பரிசு பெற்ற புளூம்பர்க்கும் அவர்களுடன் கையொப்பமிட்டார். ஆயினும் பின்னர்ப் பிற இடங்களில் நடந்த சோதனைகள் அப்பயனை மெய்ப்பிக்கவில்லை.

அங்ஙனமாயின் கீழாநெல்லிக்கு இத்துணைப் புகழ் வந்தது எவ்வாறு? அழுக்கு நீரால் வரும் காமாலை பெரும்பாலும் தானே தணிந்துவிடும். புகழ் இலைக்குச் சேர்ந்துவிடுகிறது. ‘பி’ கிருமியின் வழி வேறு. அது இரத்தத்தாலும், கணவன் மனைவி உறவாலும், பேற்றின்போது தாயிடமிருந்து சேய்க்கும் பரவுவது. வளர்ந்தோரைப் பற்றினால் நூற்றுக்கு ஐவர்க்கும் குறைவானவரிடமே நிலைக்கிறது. பிறக்கும்போதே பற்றினாலோ நூற்றுக்குத் தொண்ணூறு குழந்தைகளிடம் நிலைத்துவிடுகிறது. கண் மஞ்சளிக்காது, காய்ச்சல் வாராது. பல்லாண்டு கழிந்து, குடும்பம் தாங்கும் வயதில், கல்லீரல் சுருங்கியோ புற்றுவைத்தோ வெளிப்படும்.

நம் தங்கை உடும்பன்சோலைப் பக்கத்து ஏலத் தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டவள். கருவுற்றபோது எடுத்த சோதனையில் அவளுக்கு இக்கிருமி இருப்பது தெரியவந்தது. அவள் இசைவு பெற்றே இதனை எழுதுகிறோம். மறுநாளே அவளுக்கெனத் தனித் தட்டும் தனித் தம்ளரும் வைக்கப்பட்டன என்பதையும் எழுதச் சொன்னாள். ஒரே பாத்திரத்தில் உண்பதால் இது பரவுவதில்லை. கணவரும் வீட்டாரும் இரத்தம் சோதித்து ஊசி போட்டுக்கொள்வதே வேண்டுவது, தட்டை மாற்றுவதன்று.

பேற்றுக்குப் போடிக்கு, தாய்வீடு வந்தாள். ஞாயிறு விடியலில் ஆண் குழந்தை பிறந்தது. இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் முதல் ஊசி போடவேண்டும் என்பது விதி. அங்கிருந்த ஒருவரோ, “தடுப்பூசி புதன்கிழமைதானே!” என்றார். புதன்கிழமை வெளியிலிருந்து வருவோர்க்கு. பிறந்த சேய்க்குக் கிழமை ஏது? நம் அன்னையார், எழுத்தறியாதவர், வாயிலை விட்டு நகரவில்லை. அன்று மாலைக்குள் அவ்வூசியும், தாய்க்குக் கிருமி இருப்பதால் தரவேண்டிய இம்யூனோகுளோபுலின் ஊசியும் குழந்தைக்குப் போடப்பட்டன.

நம் தலைமுறைக்கு இவ்வாய்ப்பு இல்லை. அரசுத் திட்டத்தில் இவ்வூசி 2002-இல் சில மாவட்டங்களிலும் நகரங்களிலும் தொடங்கி, 2011-இல்தான் நாடெங்கும் வந்தது. அவ்வாண்டு டிசம்பரில் ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலண்ட் ஊசியை முதலில் பெற்றவை தமிழ்நாடும் கேரளமுமே. ஆகவே ஆறு, பத்து, பதினான்காம் வாரங்களின் ஊசிகளுக்காகத் தாய்வீட்டிலேயே காத்திருக்க வேண்டுவதில்லை. எல்லைக்கு இருபுறமும் அட்டவணை ஒன்றே. இடுக்கிக்கு இரயில் இல்லாத குறை நமக்கு உண்டு. போடிமெட்டு வழியே பேருந்தில் சென்ற அவள் பையில், துணிகளுக்கு மேலாக அட்டை இருந்தது. பத்தாம் வார ஊசியும் பதினான்காம் வார ஊசியும் மலைமேல்தான் போடப்பட்டன.

மருமகனுக்கு இப்பொழுது ஏழு மாதம். ஒன்பதாம் மாதத்துக்குப் பின் இரத்தம் சோதிக்கவேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அதற்கு நாம் இப்பொழுதே விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டோம்.