கண்துடைப்பு

தமிழிலே 'கண்துடைப்பு' என்பது நற்பெயர் ஈட்டிய சொல்லன்று. செய்யாததைச் செய்ததாகக் காட்டும் செயலுக்கே அது வழங்குகின்றது. வீட்டு நாயின் கண்ணை நாள்தோறும் துடைத்துவிடுபவரோ அச்சொல்லின் நேர்ப்பொருளிலேயே கருமமாற்றுகின்றார். ஆயினும், அக்கருமமும் சிலவேளை மற்றைப் பொருளுக்கு இடங்கொடுத்துவிடுகின்றது.

வெண்மயிர்ப் பொமரேனியனை வளர்ப்போரை முதலிற் கலங்கச் செய்வது, கண்ணின் உட்கோணத்திலிருந்து மூக்கோரமாக இறங்கும் செம்பழுப்புக் கறையாகும். இரத்தமென்றே அஞ்சுவாருமுளர். கண்ணீர் உட்கோணத்து நுண்துளைகளாற் புகுந்து மூக்கினுள் வடிவதே இயல்பு. அவ்வழி அடைபட்டாலோ, இமை உட்புறம் மடிந்து மயிர் விழியை உராய்ந்தாலோ, நீர் கன்னத்தில் வழியும். செங்குருதிக் கலங்கள் சிதைவதால் உண்டாகும் போர்பிரின் என்னும் நிறப்பொருள் அந்நீரிற் கலந்திருப்பதால் மயிர் நிறம் மாறுகின்றது. கறுப்பு நாய்க்கும் இஃது உண்டு, காண்பாரில்லை, அவ்வளவே.

இக்கறையைப் போக்கும் அவசரத்திலேதான் கைக்கெட்டிய ஈரத்துணி கண்ணருகே செல்கின்றது. மனிதர் முகந்துடைக்கும் துணிகளில் மதுசாரமும் வாசனையும் இருக்கலாம். குழந்தைகளுக்கென விற்கப்படுவனவும் கண்ணுக்கென ஆக்கப்பட்டவையல்ல. வாசனை நாய்க்காகச் சேர்க்கப்படுவதுமன்று. மோப்பத்தால் உலகை அறியும் பிராணி அதனை விரும்புமென எண்ண நியாயமில்லை. ஐதரசன் பேரொட்சைட்டு மயிரை வெளிற்றும். விழியிற் பட்டாற் புண்படுத்தும். ஆகவே, உறையிலுள்ள பெரிய எழுத்தை விடுத்துச் சிறிய எழுத்தை வாசித்தல் வேண்டும். இவை எவையுமின்றிக் கண்ணுக்கென்றே ஆக்கப்பட்ட துணி போதும். அது கிடையாதவிடத்து, கொதித்தாறிய நீர் ஒரு லீற்றருக்கு 9 கிராம் உப்பிட்டு அன்றன்று ஆக்கிய கரைசலும், நூல் பிரியாத மென்துணியும் எவ்வகையிலும் குறைந்தனவல்ல. காய்ந்த பீளையை உரித்தெடுத்தலாகாது. ஈரத்துணியைச் சிறிது நேரம் வைத்து, இளகியபின், விழியைத் தொடாது வெளிப்புறமாக எடுத்தல் வேண்டும். ஒரு கண்ணைத் துடைத்த துணி மறுகண்ணுக்கு ஆகாது.

உணவிற் கலந்து கொடுக்கும் கறைநீக்கித் தூள்களும் சந்தைக்கு வந்தன. அவற்றுட் சிலவற்றில் ரைலோசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி இருந்தமையால், 2014 இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் உற்பத்தியாளரை எச்சரித்தது. வெண்மயிரின் அழகுக்காக நுண்ணுயிர்க்கொல்லி ஊட்டுதல் எத்துணைப் பேதைமை!

கறையினும் கவனிக்கத்தக்கது பீளையே. அது தடித்து, மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறி, துடைத்த சில மணிநேரத்துள் மீண்டும் ஒட்டுமாயின், கண்ணீர் வற்றும் நோயாக இருத்தல் கூடும். பார்வைக்குக் கண் ஈரமாகத் தோன்றும். உண்மையில் அது காய்ந்த கண். மிருக வைத்தியர் ஷிர்மர் தாளை இமையினுள் வைத்து ஒரு நிமிடம் பார்ப்பார். நலமுள்ள நாயின் கண்ணீர் அதில் 15 மில்லிமீற்றராவது ஊறும். 10 இற்குக் குறையின் நோயென்றே ஐயுறுவர். கவனியாது விட்டால் விழியின் முன்தோல் கறுத்துப் பார்வை மறையும். நாய் முறையிடாது, கண்ணைச் சுருக்கும், முன்காலால் தேய்க்கும், பாயிலே முகத்தை உரசும். வீட்டாரோ மிக மென்மையான துணியால் காலையும் மாலையும் அடையாளத்தை அழித்துக்கொண்டிருப்பர். அழைப்பிதழுக்கேற்ற முகம் போல நாயின் முகம் துலங்கும். உள்ளே கண் கெட்டுக்கொண்டிருக்கும்.

வைத்தியரிடம் கொண்டுசெல்லும் காலையில் மாத்திரம் துடையாது விடுதல் நன்று. நன்றாகத் துடைத்து அழைத்துச் செல்லப்பட்ட நாயிடத்து அவர் காணவேண்டியதிற் பாதி, துணியோடு குப்பைக்குப் போயிருக்கும்.