நிறம் ஏறாத தகடு

நகமும் உரோமமும் கெராட்டின் என்னும் புரதத்தால் ஆனவை என்பதைப் பள்ளிப் பருவத்திலேயே படித்திருக்கிறோம். அதே குடும்பத்தைச் சேர்ந்த நுண்ணிழைகள் தோல், குடலின் உட்சுவர், மூச்சுக்குழாய், சுரப்பிகள் ஆகியவற்றின் உயிரணுக்களுக்குள்ளும் ஓடி, அவற்றைக் குலையாமல் தாங்குகின்றன. நோய்க்குறியியல் கூடத்தில் பல்லாண்டுகள் கழித்த எனக்கு இப்புரதம் ஒரு சாட்சியாகவே பழக்கம்.

உயிரணு புற்றாக மாறி, உருவம் சிதைந்து, வேறோர் உறுப்பில் குடியேறினாலும், பிறந்த வீட்டுக் கெராட்டினைப் பெரும்பாலும் கைவிடுவதில்லை. 1975-இல் கோலரும் மில்ஸ்டைனும் ஒரே வகை எதிர்ப்பொருளை வேண்டிய அளவு உண்டாக்கும் வழியைக் கண்டனர். 1982-இல் மோல், ஃபிராங்கே முதலிய ஜெர்மானிய ஆய்வாளர்கள் மனித உடலின் கெராட்டின்களுக்கு எண்ணிட்டுப் பட்டியல் தந்தனர். எதிர்ப்பொருள் தனக்குரிய கெராட்டினைப் பற்றிக்கொண்ட இடம் பழுப்பாகும். உட்கருக்கள் நீலமாக நிற்கும். பெருங்குடல் புற்று பெரும்பாலும் 20-ஆம் எண்ணைக் காட்டும், 7-ஆம் எண்ணைக் காட்டாது. மார்பகப் புற்று பெரும்பாலும் இதற்கு நேர்மாறு.

ஓர் இளைஞரின் கழுத்துக் கட்டி எங்கள் மேசைக்கு வந்தது. அடையாளம் இழந்த பெரிய அணுக்கள். எங்கிருந்தோ பரவிய புற்று என்றே பலரும் எண்ணினர். தந்தையார் வெளியே காத்திருந்தார். கெராட்டினுக்கான தகட்டில் நிறமே ஏறவில்லை.

நிறம் இல்லை என்பதால் கெராட்டினும் இல்லை என்று சொல்லிவிடலாமா? கூடாது. எதிர்ப்பொருள் கெட்டிருந்தாலும், திசு நெடுநேரம் ஃபார்மலினில் கிடந்திருந்தாலும் தகடு வெறுமையாகவே இருக்கும். அதனால்தான், கெராட்டின் உள்ள தோல் துண்டு ஒன்றையும் உடன் சாயமிடுகிறோம். அன்று அந்தத் தோல் துண்டு நன்றாகப் பழுத்திருந்தது. நோயாளியின் திசு ஓரத்தில் ஒட்டியிருந்த சிறு உமிழ்நீர்க் குழாயும் பழுத்திருந்தது. வெள்ளணுக்களின் பொது அடையாளமான சி.டி. 45-க்கும் கட்டியின் அணுக்கள் நிறம் காட்டின. பிற சோதனைகளும் ஒத்துவரவே, அது லிம்ஃபோமா என முடிவாயிற்று. எங்கிருந்தோ பரவிய புற்றுக்கு இல்லாத நம்பிக்கையை அந்நோய்க்கு மருந்து பலருக்கும் தருகிறது.

சாட்சி மௌனமாக இருந்தால் அதையும் ஒரு விடையாகக் கொள்ளலாம். ஆனால் அதற்குப் பேசும் ஆற்றல் உண்டென முதலில் உறுதி செய்தாக வேண்டும். கூடத்துக்கு வரும் இளம் மருத்துவர்களிடம், நோயாளியின் தகட்டுக்கு முன் தோல் துண்டின் தகட்டைப் பாருங்கள் என்றே இன்றும் சொல்கிறேன்.