ஆனைக்குட்டத்திலிருந்து அடிவாரம் வரை

ஜனவரி 14, 2026, புதன். போகி. திருத்தங்கல்

பிரஸ்ஸில் மதியத்தோடு மிஷின் நின்றது. ஆடிப்பெருக்கன்று புது ஆல்பம் வந்த நாள் தொட்டு மார்கழி வரை, காலண்டர் பைண்டிங்கில் இருப்பவனுக்கு ஞாயிறு என்று ஒன்று கிடையாது. தை பிறந்தால்தான் மூச்சு விட முடியும்.

நாளை பானை பொங்கியதும் வத்திராயிருப்புக்குக் கிளம்புகிறேன். தங்கைக்குச் சீர் போன வாரமே போய்விட்டது, சுமை இல்லை. சைக்கிளில் போகிறேன் என்றதற்கு வீட்டில் யாரும் மறுக்கவில்லை. மெயின் ரோட்டை விட்டு ஆற்றோடு போகப் போகிறேன் என்றதும் அம்மா மட்டும், "ஆத்தோரமா ஒனக்கு ரோடு யாரு போட்டு வச்சிருக்கா?" என்றாள்.

யாரும் போடவில்லை. தண்ணீருக்காகப் போட்டதுதான். அர்ச்சுனா நதி மேற்கு மலையில் வத்திராயிருப்புப் பக்கம் இறங்கி, எங்கள் ஊருக்கு அருகே ஆனைக்குட்டம் அணையில் தேங்கி, இருக்கன்குடியில் வைப்பாற்றோடு சேர்கிறது. ஆற்றுக்குக் கரை உண்டு. கரையை ஒட்டிக் கண்மாய்கள், கண்மாய்களுக்கு நடுவே வாய்க்கால், வாய்க்கால் ஓரம் மாட்டுவண்டித் தடம். இவற்றைக் கோத்துக்கொண்டே போனால் லாரி ஹாரன் கேட்காமல் மலையைத் தொட்டுவிடலாம் என்று நெடுநாளாக நம்பிக்கொண்டிருக்கிறேன்.

ஜனவரி 15, வியாழன். பொங்கல். வத்திராயிருப்பு

ஆனைக்குட்டம் எனக்குச் சுற்று வழிதான். ஆனாலும் ஆற்றை அங்கேயே பிடிக்க வேண்டும் என்று இருந்தது. அணைக்கரையில் நின்றால் மேற்கே மலை ஊதாக் கோடாகத் தெரிகிறது. அங்கே இறங்கும் தண்ணீர் இங்கே வருகிறது. வந்த வழியிலேயே நான் எதிரே ஏறுகிறேன்.

முதல் பாதி கரிசல். காய்ந்த கரிசலில் வண்டித்தடம் அமுங்கி இறுகிக் கிடக்கிறது, தார் ரோட்டில் போவது மாதிரியே போகலாம். ஈரம் இருக்கிற இடத்தில் கதை வேறு. நாலு சுற்றுக்குள் மண் டயரில் ஏறி, போர்க்கில் அடைத்து, சக்கரம் நின்றுவிடும். இறங்கிக் குச்சியால் சுரண்ட வேண்டும். மார்கழி மழை தேங்கிய பள்ளங்களில் சைக்கிளைத் தோளில் வைத்துத்தான் நடந்தேன். மணல் கிடக்கும் ஆற்றுப் படுகையில் எந்த டயரும் ஓடாது, கரைமேல் ஏறிவிட வேண்டும்.

மதுரையில் பழசாக வாங்கிய இந்த வண்டியின் டயர் 40 மில்லிமீட்டர் அகலம். ரோடு ரேஸ் சைக்கிளுக்கு 25, 28 தான் இருக்கும். ட்யூப் இல்லை. உள்ளே ஊற்றியிருக்கும் பால் போன்ற மருந்து முள் குத்திய துளையை உடனே அடைத்துவிடும். காற்றை 35 பிஎஸ்ஐக்கு இறக்கியிருந்தேன், சரளைக்கல்லில் கை அதிரவில்லை. சீமைக்கருவேலம் மண்டிய இந்த மாவட்டத்தில் ட்யூப் டயரோடு கரையில் ஏறுகிறவர் பஞ்சர் ஒட்டத் தெரிந்தவராக இருக்க வேண்டும்.

இந்த வகை ஓட்டத்துக்கு அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்து எம்போரியா பேர்போன ஊர். 2006ல் அங்கே புல்வெளிக் குன்றுகளின் சரளைப் பாதையில் 200 மைல் பந்தயம் தொடங்கினார்கள். 2022ல் இத்தாலியின் வெனெட்டோவில் முதல் உலகச் சாம்பியன் போட்டியே நடந்தது. கார் இல்லாத பாதையைத் தேடி ஆட்கள் எங்கெங்கோ பறக்கிறார்கள். நத்தம்பட்டிப் பக்கம் மதுரை–கொல்லம் நெடுஞ்சாலையைக் குறுக்கே கடக்க, பண்டிகைக் கார்களுக்காகக் கால் மணி நேரம் காத்து நின்றபோது அதுதான் மனதில் ஓடியது. ரோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆள் இல்லாத தடம் கிடக்கிறது. நம் பிள்ளைகளோ ரோட்டில் சைக்கிள் ஓட்டி உயிரைப் பணயம் வைக்கிறார்கள்.

ரோட்டைத் தாண்டியதும் மண் மாறுகிறது. கரிசல் குறைந்து செவல் வருகிறது, சின்னக் கூழாங்கல்லோடு. ஈரத்திலும் ஒட்டாது. காற்றும் மாறிவிட்டது. இருட்டுவதற்குள் தங்கை வீட்டு வாசலில் இறங்கிவிட்டேன்.

ஜனவரி 16, வெள்ளி. மாட்டுப் பொங்கல்

மருமகள் பன்னிரண்டாவது படிக்கிறாள். பதினொன்றில் அரசு கொடுத்த விலையில்லா சைக்கிள் இருக்கிறது. "மாமா, உங்க வண்டி போற எடத்துக்கெல்லாம் என் வண்டியும் வரும்" என்று கூடவே கிளம்பினாள். வந்தது. கியர் இல்லை, எடை என் வண்டியைப் போல இரண்டு மடங்கு. மேட்டில் இறங்கித் தள்ளினாள், அவ்வளவுதான் வித்தியாசம். முன் டயரில் முள் ஏறியபோது அவளே கழற்றிச் சொல்யூஷன் தடவி ஒட்டுப் போட்டாள்.

பிளவக்கல் பெரியாறு, கோவிலாறு என்று அடிவாரத்தில் இரண்டு அணைகள். அவை நிரப்பும் கண்மாய்கள் 40. ஒரு கண்மாய் நிறைந்தால் மறுகால் பாய்ந்து அடுத்ததற்குப் போகும். ஆகவே ஒரு கரையின் முடிவில் கலுங்கைத் தாண்டி நடந்தால் அடுத்த கரைக்கு வழி கிடைத்துவிடுகிறது. அதை இன்று காலைதான் கண்ணால் பார்த்தேன், எனக்கு அது பெரிய சந்தோஷம். தண்ணீர் ஏற்கெனவே போட்டு வைத்த வரைபடம் அது. இடது பக்கம் நீர், நீர்க்காகம். வலது பக்கம் கதிர் முற்றிய நெல், அதற்கப்பால் தென்னை. நேர் எதிரே மலை. கரைமேல் எங்கள் இருவரையும் குளிப்பாட்டிய மாடுகளையும் தவிர யாரும் இல்லை.

அணைக்குப் போகும் தார்ச்சாலை அப்படி இல்லை. போன ஜூனில் கூமாப்பட்டி வீடியோ பரவியதிலிருந்து எங்கிருந்தெல்லாமோ கார்கள். ஊர் பேர் தெரிந்ததில் மருமகளுக்குப் பெருமை, எனக்கும்தான். ஆனால் முன்பு சைக்கிளில் பேசிக்கொண்டே போன சாலையில் இன்று ஒரு கார் இன்னொரு காருக்கு வழிவிட முடியாமல் எல்லாம் வரிசையில் நின்றன. அழகான இடம் என்று பேர் வாங்கியதும் முதலில் வந்து சேர்வது பார்க்கிங். கரைகளுக்கும் அது வந்துவிடக் கூடாது.

ஜனவரி 17, சனி. அடிவாரம்

தாணிப்பாறைச் சாலையில் சதுரகிரிக்கு வேன் வேனாக ஆட்கள். நாளை தை அமாவாசை. அந்தப் பக்கம் போகாமல் மாந்தோப்புகளின் பின்னால் ஏறும் சரளைத் தடத்தில் போனோம். ஏற்றம் கடுமை. கல் உருள்கிறது, பின் சக்கரம் வழுக்குகிறது, உட்கார்ந்தே மிதித்தால்தான் பிடிமானம்.

தடம் காட்டுக்குள் நுழையும் இடத்தில் வனத்துறைப் பலகை. அங்கே திரும்பினோம். 1988ல் சாம்பல் நிற மலையணிலுக்காக ஏற்பட்ட சரணாலயம் இது. மேகமலையோடு சேர்த்து 2021 பிப்ரவரியில் புலிகள் காப்பகமாக அறிவித்தார்கள், நாட்டிலேயே 51ஆவது. உள்ளே போனால் பாதை இன்னும் நன்றாக இருக்கும் என்பது தெரியும். போகக் கூடாது. நடந்து வருகிறவன் சத்தம் கேட்டு யானை ஒதுங்க நேரம் இருக்கிறது. சைக்கிள் சத்தமில்லாமல் வேகமாக வளைவில் திரும்பும், இரண்டு பேருக்கும் ஆபத்து. மலையைச் சக்கரம் தொட வேண்டியதில்லை, அடிவாரம் போதும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. யானை சாயங்காலம் தோப்புக்கே இறங்குவதால், நாலு மணிக்குள் கீழே வந்துவிட வேண்டும் என்று தங்கையின் வீட்டுக்காரர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். வந்துவிட்டோம்.

ஜனவரி 18, ஞாயிறு. தை அமாவாசை

அப்பாவுக்குத் தர்ப்பணம். சைக்கிள் எடுக்கவில்லை.

ஜனவரி 19, திங்கள். திருத்தங்கல்

காலை புறப்படும்போது கடைசிக் கரையில் கண்ட காட்சி மனதைக் கெடுத்துவிட்டது. இரவில் மண் ஏற்றிப்போன டிப்பர் கரையின் ஓரத்தைப் பெயர்த்திருக்கிறது. ஒரு மழை போதும், அந்த இடம் உடைந்துவிடும். கரை போனால் பாதை மட்டுமா போகும்? அத்தனை வயலும் போகும்.

பக்கத்தில் மடையைப் பார்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம், கரை தொடங்கும் இடத்தில் இரண்டு கல் ஊன்றினால் மாடும் சைக்கிளும் போகும், டிப்பர் போகாது என்றேன்.

"நல்லாத்தான் சொல்றீக தம்பி. அறுப்பு மிஷினு எங்கிட்டுக்கூடி வரும்? நெல்லு மூடையத் தலையிலயா தூக்கச் சொல்றீக?"

நியாயமான கேள்வி. வழி நெடுக யோசித்துக்கொண்டே வந்தேன். கல்லுக்குப் பதில் இரும்புக் கேட், பூட்டு. ஓரத்தில் சைக்கிள் நுழைகிற இடைவெளி. அறுவடைக்குத் திறக்க வேண்டும் என்றால் சாவி ஊருக்குள்ளேயே இருக்க வேண்டும்.

ராத்திரி மருமகளுக்குப் போன் போட்டேன். அவள் அதற்குள் பெரியவரைப் பார்த்துப் பேசியே விட்டாள். சாவி பாசன விவசாயிகள் சங்கத்திடம் இருந்தால் சம்மதம், வெளி ஆளிடம் கொடுத்தால் முதல் ஆளாகத் தானே எதிர்ப்பேன் என்றாராம்.

கலெக்டருக்கு எழுதும் மனுவில் அந்த நிபந்தனையை முதல் பத்திக்கு ஏற்றியிருக்கிறேன். வருகிற ஞாயிறு அவரிடம் வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும்.