அலை சொன்னால்தான் போட்டி... நண்பனுக்காகக் காத்திருக்கும் வைமியா!

ஹவாய் என்றதும் தேனிலவுப் படங்கள்தான் நினைவுக்கு வரும். ஓவாஹு தீவின் வடகரையில் உள்ள வைமியா வளைகுடாவும் கோடையில் அப்படித்தான் இருக்கும். ஹொனலுலுவிலிருந்து அன்னாசித் தோட்டங்களைத் தாண்டி ஒரு மணி நேர கார் பயணம். கடல் குளம் மாதிரி கிடக்கும். பாறையிலிருந்து சிறுவர்கள் குதித்து விளையாடுவார்கள்.

அதே இடத்துக்கு டிசம்பர், ஜனவரியில் போனால் கால் நனைக்கவே பயமாக இருக்கும். வட பசிபிக் புயல்கள் கிளப்பிவிடும் அலைகள், சில நாள்களில் நான்கு மாடி உயரத்துக்கு எழும்பும்.

1968-ல் இங்கே உயிர்காப்பாளராக வந்தவர் எடி ஐகாவ். அலைச்சறுக்குப் பைத்தியம். படிப்பைப் பாதியில் விட்டு, அன்னாசி பதப்படுத்தும் ஆலையில் வேலை பார்த்தவர். மற்றவர்கள் கரையில் நின்று யோசிக்கும்போதே பலகையோடு இறங்கிவிடுவார். 500 பேருக்கு மேல் காப்பாற்றியிருக்கிறார் என்கிறார்கள். அவர் காவலில் வைமியாவில் ஒரு உயிர்கூடப் போகவில்லை என்பது ஊரின் பெருமை.

1978 மார்ச் 16. பழங்கால முறையில் கட்டப்பட்ட 'ஹோகுலேயா' பாய்மரப் படகு டஹிதி தீவுக்குக் கிளம்பியது. குழுவில் எடியும் இருந்தார். அன்றிரவே படகு கவிழ்ந்தது. விடிந்தும் உதவி வரவில்லை. கவிழ்ந்த படகைப் பிடித்தபடி எல்லோரும் தவிக்க, ஆள் கூட்டிவருகிறேன் என்று தன் பலகையில் படுத்து, கைகளால் நீரைத் தள்ளியபடி லானாய் தீவை நோக்கிப் போனார் எடி. பிறகு மற்றவர்கள் மீட்கப்பட்டார்கள். எடி கிடைக்கவேயில்லை. வயது 31.

அடக்கம் செய்ய உடல் இல்லை. நண்பர்கள் என்ன செய்வார்கள்? கடலுக்கே போனார்கள். எடி பெயரில் நடக்கும் அலைச்சறுக்குப் போட்டிக்கு அழைக்கப்பட்ட வீரர்கள், குளிர்காலத் தொடக்கத்தில் மாலைகளோடு வைமியாவில் கூடுகிறார்கள். பலகைகளில் உள்ளே சென்று, வட்டமாக அமர்ந்து எடியை நினைக்கிறார்கள்.

இந்த அஞ்சலிக்குப் பிறகு போட்டி நடந்தே தீரும் என்றில்லை. அலையின் முகப்பு 40 அடியாவது இருக்க வேண்டும். (ஹவாய்க்காரர்கள் இதை 20 அடி என்பார்கள். தன்னடக்கம்போல் தெரிந்தாலும் கொஞ்சம் குசும்பும் உண்டு!) அதனால் 1980-களில் தொடங்கிய போட்டி, இதுவரை பத்துச் சொச்சம் முறைதான் நடந்திருக்கிறது. 2009-க்குப் பிறகு 2016, அதற்குப் பிறகு 2023! சின்ன அலையில் எடி பெயரில் போட்டி நடத்த யாருக்கும் மனசில்லை.

1986-ல் வென்றவர் எடியின் தம்பி கிளைட். கடல் ஆமைகளைப் பின்தொடர்ந்து போன இடத்தில்தான் தனக்குப் பெரிய அலை கிடைத்தது என்றும், அதில் ஓர் ஆமை அண்ணன்தான் என்றும் அவர் சொன்னதுண்டு. 2016-ல் 66 வயதிலும் வந்து இறங்கினார்.

2023 ஜனவரி 22 அன்று வென்றவர் லூக் ஷெப்பர்ட்சன். அன்று அவருக்கு அதே கடற்கரையில் உயிர்காப்பாளர் டியூட்டி. இடைவேளை கேட்டு வாங்கி அலையேறிவிட்டு, மறுபடி காவல் கோபுரத்துக்கே ஓடினார்.