நானூறு சொற்கள்
ஹூஸ்டன் மடல்

ஃபெலிக்ஸ் திஹெரினா (1905–1965) என்ற உணவக முதலாளியின் வாழ்க்கையை உழைத்து உயர்ந்த ஒருவரின் கதையாகவே ஹூஸ்டன் நகரத்தார் நெடுங்காலம் சொல்லிவந்தனர். ஆயினும் டெக்சாஸ் மாநிலத்தில் மெக்சிகோ வம்சாவளி அமெரிக்கர்கள் எவ்விடத்தைப் பெற்றனர், அதற்கு எதைக் கொடுத்தனர் என்பதை அறிய விரும்புவோர்க்கு, குறைகளோடு சேர்த்துப் படிக்கப்படும் அவ்வாழ்க்கையைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

1920-களின் தொடக்கத்தில் ஆங்கிலம் அறியாத இளைஞராக ஹூஸ்டனுக்கு வந்த திஹெரினா, வெள்ளையர் ஒருவர் நடத்திய மெக்சிகோ உணவகத்தில் மேசை துடைக்கும் பணியில் சேர்ந்து, பின்னர்ப் பரிமாறுபவராகி, வேலையினூடே மொழியையும் தொழிலையும் கற்றுக்கொண்டார். 1929-இல் அவர் தொடங்கிய உணவகம் பெருமந்தத்தில் சிக்கிச் சில ஆண்டுகளில் மூடப்பட்டது. 1937-இல் மீண்டும் கடை திறந்தபோது அதற்குத் தம் பெயரையே சூட்டினார். இரண்டாம் உலகப் போரில் அவர் தரைப்படையின் வான்பிரிவில் பணியாற்றிய காலத்தில் மனைவி ஜேனி கடையை நடத்தினார். அவர் படைவீரராகத் திரும்பியபின் அந்த ஒரு கடை பல கிளைகளாகப் பெருகியது.

அங்கே பரிமாறப்பட்ட உணவு டெக்ஸ்-மெக்ஸ் எனப்படுவது. அதாவது, எல்லைக்கு வடக்கே மாட்டிறைச்சியும் மஞ்சள் சீஸும் சீரகமும் கூடி உருமாற்றிய வடமெக்சிகோச் சமையல். (சீரகத்தின் கை சற்றே ஓங்கியிருப்பதால் தமிழ் நாக்கு அதை முதல் வாயிலேயே உறவாக ஏற்றுக்கொள்கிறது.) திஹெரினாவின் கடைக்குப் புகழ் தேடித்தந்தது கேசோ: உருகிய சீஸில் தக்காளியும் மிளகாயும் சேர்த்து, மேலே செம்மஞ்சள் எண்ணெய் மிதக்க, சோள வறுவலைத் தோய்த்துத் தின்னத் தரப்படும் கூழ். அதைத் தின்ன வந்தோரில் பெரும்பாலோர் வெள்ளையர்.

வெள்ளையர் மெக்சிகோ உணவகத்தில் உண்ணலாம், மெக்சிகோ வம்சாவளியினர் வெள்ளையர் உணவகத்தில் உண்ண இயலுமா என்பது வேறு கேள்வி. ஹூஸ்டனை அடுத்த சுகர்லாந்தில் பருத்திக்காட்டுத் தொழிலாளியாக இருந்த மக்காரியோ கார்சியா, 1944 நவம்பரில் ஜெர்மனியில் காயம்பட்ட நிலையிலும் தனியே முன்னேறி இரு இயந்திரத் துப்பாக்கி நிலைகளை அழித்தவர். அமெரிக்காவின் மிக உயரிய வீரப் பதக்கத்தை 1945 ஆகஸ்டு 23 அன்று குடியரசுத் தலைவர் ட்ரூமன் கையால் பெற்ற அவருக்கு, அடுத்த மாதமே ரிச்மண்ட் ஊர் உணவகம் ஒன்று உணவு தர மறுத்தது, கைகலப்பு மூண்டது, வழக்குப் போடப்பட்டது பதக்கம் பெற்றவர்மீது. இன்று தமிழ்க் குடும்பங்கள் பல வீடு வாங்கிக் குடியிருக்கும் அதே சுகர்லாந்துதான் இது.

திஹெரினாவின் வாழ்விலும் சுகர்லாந்து என்ற பெயர் இடம்பெறுகிறது, பிறப்புச் சான்றிதழ் வடிவில். தாம் பிறந்தது அவ்வூரில்தான் என்று அவர் கூறிவந்தார்; குடியேற்றத் துறை அதை மறுத்தது; 1950-களின் நடுவில் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அவர் வரலாற்றை விரிவாக எழுதிய தாமஸ் கிரெனெக் பிற்பாடு திரட்டிய ஆவணங்களோ மெக்சிகோவின் நுவோ லியோன் மாநிலத்தையே பிறப்பிடமாகக் காட்டுகின்றன. போரில் பணியாற்றி, வரி கட்டி, ஐக்கிய லத்தீன் அமெரிக்கக் குடிமக்கள் சங்கம் என்னும் லூலாக்கின் தேசியத் தலைவராக 1956 முதல் 1960 வரை இருந்த ஒருவர், தாம் குடிமகன் என்பதற்கு ஒரு காகிதத்தை நம்பியிருக்க வேண்டியிருந்ததென்றால், பொய் யாருடையது என்று கேட்பதைவிட அதன் தேவை எங்கிருந்து வந்தது என்று கேட்பதே பொருத்தம்.

மன்னிக்க எளிதல்லாதது வேறொன்று. இனப்பிரிவினைக் கால ஹூஸ்டனின் ஏனைய உணவகங்களைப் போலவே அவருடைய உணவகங்களும் கருப்பர்களுக்கு உணவு பரிமாறவில்லை. மெக்சிகோ வம்சாவளியினர் சட்டப்படி வெள்ளையரே என்பது அக்கால லூலாக்கின் வாதம். அவ்வாதத்தால் வென்ற நாற்காலியில் இன்னொருவரை அமர விடுவதற்கு அத்தலைமுறை அஞ்சியது.

அவர் விட்டுச்சென்ற நற்பணி ஒரு பட்டியலில் அடங்கும். ஸ்பானிய மொழி மட்டுமே அறிந்து முதல் வகுப்பில் சேர்ந்த குழந்தைகள், பாடம் புரியாமலே அவ்வகுப்பில் ஈராண்டு, மூவாண்டு தேங்கி, இறுதியில் பள்ளியை விட்டே நின்றனர். பேடவுன் ஊர் ஆசிரியை ஒருவர் தொகுத்த 400 அடிப்படை ஆங்கிலச் சொற்களைப் பள்ளி திறக்கும் முன்பே கற்பித்துவிட்டால் இத்தேக்கம் நீங்கும் என நம்பிய திஹெரினா, 1957 கோடையில் கனாடோ என்னும் சிற்றூரில் தம் பணத்திலேயே ஒரு வகுப்பைத் தொடங்கினார். ஆசிரியை, இசபெல் வெர்வர் என்ற பதினேழு வயதுப் பெண். 'நானூறின் சிறு பள்ளி' எனப் பெயர்பெற்ற இத்திட்டத்தை 1959-இல் மாநில சட்டமன்றம் ஏற்று, செலவின் பெரும்பகுதியையும் பொறுப்பேற்றுக்கொண்டது. மறு கோடையில் பயின்றோர் 15,000-க்கு மேல். 1965-இல் நடுவண் அரசு நாடெங்கும் கொண்டுவந்த 'ஹெட் ஸ்டார்ட்' முன்பள்ளித் திட்டத்துக்கு முன்னோடியாக இது குறிப்பிடப்படுகிறது. தாய்மொழியைத் தாண்டவேண்டிய தடையாக மட்டுமே இத்திட்டம் கண்டது என்ற விமர்சனம் சரியானதே. எனினும் வகுப்பறையில் ஸ்பானிய மொழியில் பாடம் நடத்துவதையே டெக்சாஸ் சட்டம் தடுத்திருந்த காலத்தில் ஒரு உணவக முதலாளியின் கைக்கு எட்டிய கருவி அவ்வளவுதான்.

திஹெரினா 1965 செப்டம்பரில் காலமானார். வெஸ்ட்ஹைமர் சாலையில் இருந்த அவருடைய கடைசி உணவகம் 2008-இல் மூடப்பட்டது. கேசோவின் செய்முறையை வேறொரு உணவகம் வாங்கிக்கொள்ள, பழைய கட்டடத்தில் 2012 முதல் ஜப்பானிய உணவு விற்கிறார்கள்.