விற்றது நான்தான்

2023ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து 2024 ஜூன் வரை என்னுடைய கடையில் எச்.எச்.சி. என்ற போதைச் சாமானை ஜெலியாகவும், இழுக்கும் வேப்பாகவும் விற்றேன். அது என்ன சாமான் என்று தெரியாமல் விற்றுவிட்டேன் என இரண்டொருவருக்குச் சொல்லியிருக்கிறேன். அது பொய். அறிய வேண்டிய அளவுக்கு அறிந்திருந்தேன். அதற்கு மேல் அறிந்தால் விற்க மனம் வராது என்பதால் அங்கேயே நிறுத்திக்கொண்டேன்.

கடை ஜேர்மனியின் றூர் பகுதியில், ட்ராம் தரிப்பிடம் ஒன்றுக்கு முன்னால் இருக்கிறது. பியர், சிகரெட், பேப்பர், லொத்தர், பார்சல் எடுத்துக் கொடுப்பது என்று நாள் முழுக்க ஓடும். பின்னேரம் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் சதக் காசுகளை மேசையில் பரப்பி எண்ணி, இனிப்புப் பெட்டிகளில் இது இரண்டு, அது மூன்று என்று விரல் வைத்துக் காட்டிக் கலவைப் பை வாங்குவார்கள். இந்தப் பக்கத்துச் சின்னக் கடைகளின் பழைய வழக்கம் அது. நான் கடையை எடுத்தபோது அதுவும் சேர்ந்தே வந்தது. எச்.எச்.சி. ஜெலிப் பக்கற்றுகளை அந்த இனிப்புப் பெட்டிகளுக்கு நேர் மேலே இருந்த தட்டில் வைத்தேன். விலை கூடிய சாமான், களவு போகக் கூடாது, என் கைக்கு எட்ட இருக்க வேண்டும் என்று மட்டும் பார்த்தேன். வெள்ளிப் பக்கற், அதில் ஸ்ட்ரோபெரிப் படம், மூலையில் ஒரு பச்சை இலை. ஒரு சின்னப் பெண்பிள்ளை அதைக் காட்டி என்ன விலை என்று கேட்டிருக்கிறாள். அது பெரியவர்களுக்கு என்று சொல்லி அனுப்பினேன். தட்டை மாற்றவில்லை.

அந்தப் பக்கற்றின் பின்பக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பொடி எழுத்தில், உண்பதற்கல்ல, சேகரிப்போருக்கான பொருள் என்று அச்சடித்திருந்தார்கள். ஸ்ட்ரோபெரிச் சுவை போட்ட ஜெலியை அலுமாரியில் சேர்த்து வைக்க யார் வாங்குவார்கள்? ஏன் அப்படி எழுதியிருக்கிறது என்று மொத்த வியாபாரியிடம் கேட்டேன். சாப்பாடு என்று எழுதினால் ஐரோப்பிய உணவுச் சட்டத்தின்படி அனுமதி வேண்டும், அந்த அனுமதி இதற்கு இல்லை, அதற்காகத்தான் என்றார். சட்டப்படி எல்லாம் சரி என்று எனக்குச் சொன்ன அதே வாய்தான் இதையும் சொன்னது. எனக்கு விளங்கியது. ஆனாலும் வாங்குகிறவர்களிடம், "சட்டப்படி சரி, பிரச்சினையில்லை" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

பக்கற்றில் ஒரு கியூ.ஆர். கட்டமும் இருந்தது. ஆய்வுகூட அறிக்கை என்று பெருமையாகப் போட்டிருந்தார்கள். ஓர் இரவு கடை பூட்டியபின் தொலைபேசியில் அதைத் திறந்து பார்த்தேன். எச்.எச்.சி. இத்தனை வீதம் என்று ஒரு வரி. பார உலோகங்கள் பற்றியோ கரைப்பான்களின் மிச்சம் பற்றியோ எதுவும் இல்லை. அறிக்கையிலிருந்த தொகுதி எண்ணும் என் கையிலிருந்த பக்கற்றின் தொகுதி எண்ணும் வேறு வேறு. இரண்டையும் பக்கத்தில் வைத்து இலக்கம் இலக்கமாக ஒப்பிட்டேன். பிறகு தொலைபேசியை அணைத்துவிட்டு, அடுத்த நாள் கூடுதல் ஓடர் கொடுத்தேன். ஒரு பக்கற்றில் எனக்கு நின்ற காசு, ஒரு பெட்டி பியரில் நிற்பதைவிடப் பல மடங்கு. கடை வாடகை ஏறியிருந்தது உண்மை. அதைக் காரணமாகச் சொல்ல எனக்கு இப்போது மனமில்லை.

இந்தச் சாமான் எப்படி உண்டாகிறது என்பதைப் பிறகுதான் ஒழுங்காகப் படித்தேன். முதலில் படித்திருக்க வேண்டியது. எச்.எச்.சி. என்பது ஹெக்ஸாஹைட்ரோகன்னாபினோல். கஞ்சாச் செடியில் மருந்துக்கும் காணாத அளவில்தான் இருக்கிறது. விதையிலும் மகரந்தத்திலும் துளி கண்டிருக்கிறார்கள். அமெரிக்க வேதியியலாளர் ரொஜர் அடம்ஸ் 1940களில் இதை ஆய்வுகூடத்தில் உண்டாக்கினார். பிறகு பல பத்தாண்டுகள் இது ஆராய்ச்சித் தாள்களோடு கிடந்தது. 2018இல் அமெரிக்கா தன் விவசாயச் சட்டத்தை மாற்றி, போதை தரும் ரி.எச்.சி. 0.3 வீதத்துக்கு மேல் இல்லாத கஞ்சாச் செடியைச் சாதாரணப் பயிராக்கியது. ஊரெல்லாம் பயிரிட்டார்கள். செடியிலிருந்து பிழிந்த, போதை தராத சி.பி.டி. மலிந்து விலை விழுந்தது. கையில் தேங்கிய சி.பி.டி.யை அமிலத்தோடு சேர்த்து ரி.எச்.சி. வகைகளாக மாற்றினார்கள். அதன்மேல் பலேடியம், பிளாட்டினம், நிக்கல் போன்ற உலோகங்களை ஊக்கியாக வைத்து ஐதரசனை ஏற்றினால் எச்.எச்.சி. வருகிறது. தாவர எண்ணெயை மார்ஜரினாக்குவதும் இந்த ஐதரசன் ஏற்றும் வேலைதான்.

செடியிலிருந்து வருகிறது, இயற்கை என்று நான் விற்றதன் உண்மை இவ்வளவுதான். தொடக்கம் செடி, மிச்சமெல்லாம் தொழிற்சாலை. அந்த உலோகமும் அமிலமும் கரைப்பானும் கடைசியில் முழுதாக நீக்கப்பட்டனவா என்பதைச் செய்தவர்தான் சோதித்துச் சொல்ல வேண்டும்.

அதைவிட எனக்கு உறைத்தது வேறொன்று. ஐதரசன் ஏற்றும்போது எச்.எச்.சி. இரண்டு வடிவங்களில் கிடைக்கிறது. ஒன்று மூளையில் ரி.எச்.சி. போய் ஒட்டும் அதே இடத்தில் நன்றாக ஒட்டும். மற்றது மிகவும் பலவீனமானது. எது எத்தனை பங்கு என்பது செய்முறையைப் பொறுத்து மாறும். ஆகவே 95 வீதம் எச்.எச்.சி. என்று இரண்டு வேப்பில் எழுதியிருந்தாலும் ஒன்று சும்மா இருக்கும், மற்றது ஆளை விழுத்தும். பக்கற்றில் அந்தக் கணக்கு இல்லை. போன முறை ஒன்றும் செய்யவில்லை, இந்த முறை நெஞ்சு படபடவென்று அடித்தது என்று வாங்கியவர்கள் வந்து சொன்னபோது, "சாப்பிடாமல் இழுத்திருப்பீர்கள்" என்று டொக்டர் மாதிரிப் பதில் சொன்னவன் நான்.

சூரிச்சில் இருக்கும் என் மச்சான் 2023 வசந்தத்திலேயே தொலைபேசியில் சொன்னான், "இங்க தடை செய்திட்டாங்கள், நீ ஏன் இன்னும் வச்சிருக்கிறாய்?" சுவிஸ் தடை செய்தது அந்த மார்ச் முடிவில். ஒஸ்திரியாவும் அதே மாதம். பிரான்ஸ் ஜூனில். லிஸ்பனில் இருக்கும் ஐரோப்பியப் போதைப்பொருள் கண்காணிப்பு நிலையம் 2022 ஒக்டோபரிலிருந்து இதைக் கவனித்து, 2023 ஏப்ரலில் விரிவான அறிக்கையும் வெளியிட்டது. மனிதர்களில் இதன் விளைவு பற்றி ஆய்வு ஏறக்குறைய இல்லை என்று அதிலேயே சொல்லியிருந்தார்கள். அந்த நவம்பரில் ரோக்கியோவில் ஒரு பூங்கா விழாவில் கொடுத்த ஜெலியைச் சாப்பிட்டவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போன செய்தி என் தொலைபேசிக்கே வந்தது. அதில் இருந்தது எச்.எச்.சி.எச். என்ற அண்ணன் தம்பிச் சரக்கு. யப்பான் அடுத்த மாதமே அதைத் தடை செய்தது. ஜேர்மனியில் இன்னும் தடை இல்லை என்ற ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு நான் இருந்தேன்.

ஒரு பெடியனைப் பற்றி எழுதத்தான் இவ்வளவும். பெயர் வேண்டாம். எங்கட ஆக்களின் பிள்ளை, மின்வேலை பழகிக்கொண்டிருந்தான், வயது இருபதுக்குள். என்னை மாமா என்றுதான் கூப்பிடுவான். குடியுரிமைக்கு விண்ணப்பம் போட்டிருந்தான். அப்போது இங்கே கஞ்சா இன்னும் சட்டவிரோதம். ஏப்ரல் 2024இல்தான் பெரியவர்களுக்கு அளவோடு அனுமதித்தார்கள். பொலிஸ் கையில் அகப்பட்டால் விண்ணப்பம் கெட்டுவிடும் என்று பயந்து, கூட்டாளிகள் கொடுத்ததைத் தொடாதவன். ஒரு சனிக்கிழமை பெப்ரவரிக் குளிரில் வந்து, "மாமா, இது பிரச்சினை இல்லையோ?" என்று கேட்டான். "இல்லையடா, சட்டப்படி விக்கிறதுதானே" என்றேன். ஜெலிப் பக்கற்றை எடுத்துக்கொண்டு போனான். எவ்வளவு சாப்பிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உண்பதற்கல்ல என்று எழுதிய சாமானுக்கு அளவு சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வாயால் சாப்பிடுவது இரத்தத்தில் ஏற அரை மணியிலிருந்து இரண்டு மணிவரை ஆகும். புகைக்கிறவனுக்கு உடனே தெரியும், சாப்பிடுகிறவனுக்குத் தெரியாது. அவன் ஒன்று சாப்பிட்டு, ஒன்றும் செய்யவில்லையே என்று இன்னும் இரண்டு போட்டிருக்கிறான். பிறகு எல்லாம் ஒரேயடியாக ஏறியிருக்கிறது. இதயம் நிற்கப்போகிறது என்று கத்தியிருக்கிறான், வாந்தி, கை கால் விறைப்பு, தாயைத் தாய் என்று மட்டுக்கட்டவில்லை. 112க்கு அடித்து அம்புலன்சில் கொண்டுபோனார்கள். அடுத்த நாள் மத்தியானம் தெளிந்துவிட்டான். அந்த மட்டில் அவனுக்கு நல்ல காலம். இந்தச் சாமானுக்குப் பிறகு மனப்பிறழ்வோடு ஆஸ்பத்திரியில் கிடந்தவர்களைப் பற்றி மருத்துவ இதழ்கள் எழுதியிருக்கின்றன.

ஆஸ்பத்திரியில் சிறுநீர் பார்த்தார்கள். கஞ்சா என்று காட்டியது. அவசரத்துக்குச் செய்யும் அந்தச் சோதனைகளில் சில ரி.எச்.சி.யையும் எச்.எச்.சி.யையும் பிரித்தறியாது. அவனோ அம்மாவிடம், சத்தியமாகக் கஞ்சா தொடவில்லை, கடையில் வாங்கின இனிப்புத்தான் என்று சொல்லியிருக்கிறான். எந்தக் கடை என்று சொல்லவில்லை. மாமாவைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று நினைத்தானோ தெரியாது. தாய் நம்பவில்லை. தாளில் எழுதியிருக்கிறதே!

அந்த வருடம் ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில் தேருக்குப் போன இடத்தில் தாய் என்னைக் கண்டு அழுதார். "அண்ணை, பிள்ளை கஞ்சா அடிக்கிறான், முகத்தைப் பார்த்தே பொய் சொல்லுறான். எங்க பிழை விட்டம்?" என்றார். நான், "இந்த வயதில இப்படித்தான் தங்கச்சி, திருந்துவான்" என்றேன். திருந்துவான் என்று சொன்னேன்! பிள்ளை சொன்னது முழு உண்மை என்பதும், அந்த இனிப்பு விற்ற கடை எது என்பதும் அந்த இடத்தில் என் ஒருவனுக்குத்தான் தெரியும். விற்றதைவிட இதைத்தான் என்னால் எனக்கே மன்னிக்க முடியவில்லை.

ஜெலியை நான் பெப்ரவரியிலேயே தட்டிலிருந்து எடுத்துவிட்டேன். வேப்பை எடுக்கவில்லை. ஜூன் நடுவில் ஜேர்மனியின் தடைக்கு மேலவை சம்மதித்ததும் மொத்த வியாபாரி மலிவு விலை போட்டுத் தள்ளச் சொன்னார். தள்ளினேன். வாங்கியவர்கள் இரண்டு மூன்றாகக் கொண்டுபோனார்கள். 2024 ஜூன் 27ஆம் திகதி தடை நடைமுறைக்கு வந்தது. விற்கிறவனுக்கு மூன்று வருடம்வரை சிறை, வியாபாரமாகச் செய்தால் இன்னும் கூட. அன்று காலை என் கடையில் ஒன்றும் இல்லை. பொலிஸ் வந்தால் காட்டுவதற்குத் தட்டைத் துடைத்து வைத்திருந்தேன். 2025 மார்ச்சில் ஐ.நா.வின் போதைப்பொருள் ஆணையமும் 1971ஆம் ஆண்டு உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் எச்.எச்.சி.யைச் சேர்த்தது.

தடைக்குப் பிறகும் மொத்த வியாபாரி வேறு எழுத்துக்கள் போட்ட புதுப் பக்கற்றுகளோடு வந்தார். ஓர் அணுவை மாற்றினால் புதுப் பெயர், புதுச் சாமான், பட்டியலில் வர இன்னும் காலம் எடுக்கும். அவரைத் திருப்பி அனுப்பினேன். கடை வைத்திருக்கும் எங்கட ஆக்களிடமும் அவர் போயிருப்பார். உங்களிடம் வந்தால், பக்கற்றின் தொகுதி எண்ணை அறிக்கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பார்த்தபின் என்னைப்போலத் தொலைபேசியை அணைத்துவிடாதீர்கள். வீட்டில் யாராவது இதைச் சாப்பிட்டு நிலை கெட்டால் பக்கற்றை எறியாமல் டொக்டரின் கையில் கொடுங்கள்.

தாயிடம் போய்ச் சொல்ல எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தது. வீட்டுக்குத்தான் போனேன். தகப்பன் வேலையில். பெடியன் அறையைவிட்டு வெளியே வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. அந்த ஆஸ்பத்திரித் தாளை எடுத்து வந்து மேசையில் வைத்து, "குடும்ப டொக்டரிட்டயும் இதுதான் இருக்கு. இது பிழை எண்டு நீங்கள் எழுதித் தாங்கோ அண்ணை" என்றார். அங்கேயே இருந்து எழுதினேன். நான் விற்றேன் என்று, சாமானின் பெயர், விற்ற மாதம், பக்கற்றில் எச்.எச்.சி. என்று போட்டிருந்தது எல்லாம் எழுதிக் கையெழுத்து வைத்தேன். ஒரு ஜெலியில் எவ்வளவு இருந்தது என்றும் எழுதச் சொன்னார். பக்கற்றில் 25 மில்லிகிராம் என்று இருந்தது. அது உண்மையா என்று எனக்குத் தெரியாது, அதனால் எழுத மாட்டேன் என்று அவரிடம் சொன்னேன்.